நின்றால் சுடுதா, ஓடினால் சுடுதா?

காடி சூடேறுகிறது என்று யார் வந்து நின்றாலும் எங்கள் தோட்டத்துப் பட்டறையில் முதலில் கேட்ட கேள்வி இதுதான். பானெட்டைத் திறக்குமுன், ஸ்பேனரைத் தொடுமுன் இதைக் கேட்டுவிடுவார்கள். நிற்கும்போது சுடுதா, ஓடும்போது சுடுதா, மேடு ஏறினால் மட்டும் சுடுதா? பதில் மூன்றில் எதுவோ, அதைப் பொறுத்து வியாதி வேறு, வைத்தியமும் வேறு.

நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றாடியில். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் காற்றாடியை விட்டால் வேறு கதியில்லை. நிற்கும்போது சும்மா இருந்து, வேகம் எடுத்தால் சூடேறுகிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் இளகிப்போய், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். மேடு ஏறினால் மட்டும் என்றால் பாரம் தாங்காத ஏதோ ஒன்று. அது எஞ்சினுக்குள் இருக்கலாம், எஞ்சினுக்கு வெளியேயும் இருக்கலாம். இந்த மூன்றாவது பதிலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் கெடாவில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மாவுக்குக் களைவெட்டு. பெரியப்பா பட்டறையில் பிட்டர். எங்கள் லயத்தில் சைக்கிளுக்கு மேல் வண்டி வைத்திருந்த வீடு கிடையாது. ஆனால் துரையின் லேண்ட் ரோவர் வெட்டுக்காட்டுப் பக்கம் திரும்பும்போது, கண்ணால் பார்க்காமலே எந்த கியரில் வருகிறது என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் லயத்தில் பலர் இருந்தார்கள். அந்தப் பழைய சீரிஸ் 2 வண்டிகளில் முதல் இரண்டு கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளச்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து விட்டு, எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் மிதித்துத்தான் கீழ் கியருக்குப் போக வேண்டும். தவறினால் பல்லோடு பல் உரசும் சத்தம் பெரட்டுக் களம் வரை கேட்கும். ஓட்டுநர் தவறவிட்டால் பெரியப்பா தலை நிமிராமலே முகத்தைச் சுளிப்பார்.

அவர் ரேடியேட்டரைச் சோதிக்கும் விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஞ்சின் சூடானபின் அணைத்துவிடுவார். காற்றாடி நின்றபின் புறங்கையை ரேடியேட்டரின் முகத்துக்கு அருகே வைத்து, மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துவார். சூடு படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் நல்லது. நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று ஆறியிருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் போகவில்லை. சாக்கட்டியால் அந்த இடத்தில் கோடு போடுவார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்க்கை ஈயப்பற்றிலிருந்து பிரித்து, மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு எடுப்பார். கோடு போட்ட இடத்தில்தான் கம்பி சிக்கும். இன்று சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் லேசர் புள்ளி வைத்த வெப்பமானி செய்வது இதே வேலைதான். அது பெரியப்பா கையில் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தோட்டத்துப் பட்டறைகள் விட்டுச்சென்ற ஒரு கெட்ட பழக்கம் இன்றும் கெடா முழுக்க இருக்கிறது: தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு, குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்பார்கள். அது தவறு. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கும்; அதற்குமுன் தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு, சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவரும். அது இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் குளிர்ந்தபடியே ஓடி எண்ணெயைக் கருப்பாக்கும், சிலிண்டர் தேயும். பல பழைய ஜப்பானிய பிக்கப்புகளில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேடியேட்டருக்கு வழி திறக்கும் அதே நேரத்தில் பைபாஸ் வாயை அது மூடும். அதைப் பிடுங்கிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும்; தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். சூடு குறையட்டும் என்று செய்த வேலையே சூட்டைக் கூட்டிவிடும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டுவதும் அப்படித்தான். வீடு போய்ச் சேர உதவும். ஆனால் இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. ஒழுகும் ஓட்டையை அடைக்கும் தூள் ஒழுகாத குழாயையும் அடைக்கும்.

பிறகு காலம் மாறியது. ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகின, லயங்கள் இடிந்தன, மனைகள் வந்தன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறப்பு கண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களில் பலருக்கு, நாளடைவில் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் வந்து சேர்ந்தது. டோயோட்டா ஹைலக்ஸ், இசுசு, மிட்சுபிஷி எல்200. புல்வெட்டும் குத்தகை, செம்பனைக் குலை ஏற்றுவது, கேட்டரிங், கோவில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என்று எல்லாவற்றுக்கும் அதுவே. ஒரு காலத்தில் துரை மட்டுமே ஓட்டிய வண்டி இன்று வெட்டுக்காட்டில் மங்கு துடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாசலில் நிற்கிறது. எனக்கு அதில் பெருமைதான். வேதனை என்னவென்றால், வண்டி நமக்கு வந்தபோது வண்டியைப் பற்றிய அறிவு நம்மைவிட்டுப் போய்விட்டது. வண்டி இல்லாத காலத்தில் அந்த அறிவு லயத்துக்கு லயம் இருந்தது.

என் சின்னம்மா மகனிடம் உள்ள பிக்கப் ஆட்டோ கியர், டீசல், பதினைந்து வயதைத் தாண்டியது. குருண் பக்கத்திலிருந்து ஜெராய் மலைமேல் உள்ள விடுதிக்குச் சாமான் ஏற்றும் வேலை அவனுக்கு அவ்வப்போது கிடைக்கும். ஜெராய் 1,217 மீட்டர் உயரம். பாதை வளைந்து வளைந்து ஏறும், வேகம் எடுக்க முடியாது. சுங்கைப்பட்டாணி நெரிசலில் முள் அசையாது. நெடுஞ்சாலையிலும் அசையாது. மலை ஏறும்போது மட்டும் பாதி வழியில் முள் சரசரவென்று மேலே போய்விடும்.

இங்கே மீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டிகளின் முள் சூடு கூடக் கூட ஏறும், குறையக் குறைய இறங்கும். பிந்திய வண்டிகள் பலவற்றில், ஓட்டுநர் பயப்படக்கூடாது என்று, தண்ணீரின் சூடு ஒரு பெரிய இடைவெளிக்குள் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நடுவைவிட்டு நகர்கிறது என்றாலே நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

அவன் போன முதல் பட்டறையில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் தண்ணீர் பம்பும் ரேடியேட்டர் மூடியும் மாற்றினார்கள். மூடியை மாற்றியதில் தவறில்லை. ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118, 119 வரை தாங்கும். அதன் ரப்பர் கெட்டிருந்தால் சும்மாவே கொதிக்கும். ஆனால் எந்தப் பட்டறையிலும் எப்போது சுடுகிறது என்று கேட்கவில்லை. ஸ்கேனரைச் சொருகினார்கள். கோட் எதுவும் வரவில்லை. கடைசியில் ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. அது சாதாரண வேலையல்ல. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்கள் இவை. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். அதனால்தான் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைகிறது, கேஸ்கெட் ஊதுகிறது. பட்டறைப் போமன்கள், அதாவது மெக்கானிக்குகள், ஹெட்டைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. சோதிக்காமல் கழற்றச் சொல்வதில்தான் நியாயம் இல்லை.

செமெலிங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பியை அவரிடம் அழைத்துப் போனேன். "ஐயா, காடி சூடேறுது" என்றான். அவர் எழுந்திருக்கவில்லை. "நிக்கும்போதா தம்பி, ஓடும்போதா?" என்றார். மலை ஏறும்போது மட்டும் என்றதும், "ஏறும்போது எஞ்சின் இரையுது, வண்டி இழுக்க மாட்டேங்குதா?" என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்றான். எஞ்சின் இரைச்சலுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போகிறது என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. பெரியவர் எழுந்து வந்து எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டு வழித்துக் காட்டினார். பச்சையாக இருக்க வேண்டிய கூலண்ட், சிராப் பண்டுங் நிறத்தில் நுரைத்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டோ கியர் வண்டிகளில் கியர் எண்ணெயை ஆற்றுவதற்குத் தனி ரேடியேட்டர் பெரும்பாலும் இருக்காது. எஞ்சின் ரேடியேட்டரின் டேங்க்குக்குள்ளேயே ஒரு சிறு குழாய் இருக்கும். கியர் எண்ணெய் அதன் வழியாகப் போய் ஆறி வரும். எஞ்சின் சூடும் கியர் சூடும் அங்கே சந்திக்கின்றன. அந்தக் குழாய் துருப்பிடித்துக் கசிந்தால், ஓடும்போது அதிக அழுத்தத்தில் உள்ள கியர் எண்ணெய் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை அணைத்தபின் எண்ணெயின் அழுத்தம் போய்விடும், தண்ணீரின் அழுத்தம் இன்னும் இருக்கும். அப்போது தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போகும். கியர்பாக்ஸின் கிளச் தட்டுகளில் காகிதம் போன்ற உராய்வுப் படலத்தைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீரும் கூலண்டில் உள்ள கிளைக்காலும் பட்டால் அது ஊறி உரிந்துவிடும். தட்டு பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு. அந்தச் சூடு மறுபடியும் அதே ரேடியேட்டருக்கு வரும். மெதுவாக, பாரத்தோடு மேடு ஏறும்போது டார்க் கன்வெர்ட்டரும் சேர்ந்து எண்ணெயைக் கடைந்து சூடேற்றும். ஆகவே எஞ்சின் மீட்டரில் முள் ஏறியதற்குக் காரணம் எஞ்சினே இல்லை.

பெரியவர் அத்தோடு விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலையிலும் வைத்தெடுத்து, பார்க்கில் நிறுத்தச் சொன்னார். பெரும்பாலான ஆட்டோ கியர்களின் எண்ணெயை அப்படித்தான் அளக்க வேண்டும்; எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால் பொய்க்கணக்கு வரும். குச்சியை உருவி, ஒரு துளியை வெள்ளைத் திசுத்தாளில் விட்டார். நல்ல எண்ணெய் என்றால் சிவப்பாக அகலமாகப் பரவும். இது நடுவில் பழுப்பாகத் தேங்கி, சுற்றிலும் ஈரமாக ஒரு வளையம் விட்டது. இன்னொரு துளியை அடுப்பில் காய்ந்த தகரத் தட்டில் விட்டார். படபடவென்று வெடித்தது. எண்ணெயில் தண்ணீர் இருந்தால் மட்டுமே அப்படி வெடிக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தும் பட்டறைகளில் கிடைக்காத விடை, ஒரு தகரத் தட்டில் கிடைத்தது.

கியர்பாக்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. தட்டுகள் ஏற்கெனவே உரிந்திருந்தன. செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ் போட்டான், ரேடியேட்டரை மாற்றினான். பெரியவர் சொன்னபடி கியர் எண்ணெய்க்குத் தனி கூலர் முன்னால் பொருத்தினான். இனி தண்ணீரும் எண்ணெயும் ஒரே டேங்க்கில் சந்திக்க வழியில்லை. கியர் எண்ணெயின் சூடு சுமார் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் பொதுக்கணக்கு. அந்தக் கூலர் செலவல்ல, முதலீடு. பழைய ஆட்டோ பிக்கப் வைத்திருக்கும் எல்லாருக்கும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னொன்றும்: அடித்தட்டின் போல்ட்டைத் திறந்து எண்ணெய் மாற்றினால் பாதிகூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும்.

மேனுவல் கியர் வைத்திருப்பவர்களுக்கும் காதுதான் முதல் கருவி. நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன்தண்டு பேரிங். மிதித்தபின்தான் இரைச்சல் வருகிறது என்றால் கிளச் ரிலீஸ் பேரிங். முன்னதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், பின்னதற்கு இறக்கினால் போதும். செலவு எங்கேயோ எங்கேயோ. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கெடாவுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. முன்பெல்லாம் பிக்கப்பில் ஏர்கோன் கிடையாது. ரேடியேட்டர் முகம் திறந்தே இருக்கும், தூசி படிந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்று ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோன் கண்டென்சர் நிற்கிறது. யான், குவார் செம்பெடாக் பக்கம் நெல் அறுவடைக் காலத்தில் பறக்கும் பதரும், செம்மண் பாதைத் தூசியும், லாலாங் பஞ்சும் இரண்டுக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் பளிச்சென்றிருக்கும். கண்டென்சரைச் சற்று விலக்கினால் கம்பளிபோல ஒரு படலம். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளே இறுகும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும். அழுத்தம் கூடினால் செதில்கள் மடிந்துவிடும்.

இவற்றையெல்லாம் இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக ஒரே நாளில் ஏறியது. தகுதியுள்ளவர்களுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் உதவி கிடைத்தாலும், பழைய பிக்கப்பை வைத்துப் பிழைப்பவருக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் கணக்கு. வழுக்கும் கியரும் அடைத்த ரேடியேட்டரும் எண்ணெயைக் குடிக்கும். தேவையில்லாத பம்பும் தேவையில்லாத ஹெட் வேலையும் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைத் தின்றுவிடும்.

ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தெரிந்துகொள்ள வேண்டிய கருவி. ஆனால் மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் பிக்கப்பில் அதைச் சொருக இடமே கிடையாது; சொருக இடமிருந்த தம்பியின் வண்டியிலோ அது வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவன் கையில்தான் ஸ்கேனரும் வேலை செய்யும்.

பீடோங், செமெலிங், கோல கெட்டில், பாடாங் செராய் பக்கங்களில் தோட்டத்துப் பட்டறையில் கை பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் சான்றிதழ் இல்லை, அதனால் பட்டறைகள் அவர்களைக் கூப்பிடுவதில்லை. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, வகுப்புக்குப் போகாமல் தொழிலில் கற்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு, மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம் வழங்கும் முறையை வைத்திருக்கிறது. பிபிடி என்று கேட்டால் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்தால், அவருக்காக அந்தப் பாரத்தை நீங்கள் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால், விடுமுறையில் அவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.